புல் முடிந்த வழி

சென்ற பொங்கல் விடுமுறையில் ஜவ்வாது மலையின் சரிவொன்றில், கீழே இறங்கவும் இயலாமல் மேலே ஏறவும் துணியாமல், மூன்று சிறுவர்களுடன் நான் அரைமணி நேரம் நின்றிருந்தேன். பிழை என்னுடையதே. அறுபதை நெருங்கும் வயதில் இளைஞர் விளையாட்டு ஒன்றில் தலையிட்டு அகப்பட்டுக்கொண்ட கதை அது. அந்த விளையாட்டு இப்பொழுது நம் பிள்ளைகளிடையேயும் மெல்லப் பரவி வருவதால், அதைப்பற்றிப் பெற்றோர் சிறிது அறிந்திருத்தல் நலம் என்று கருதி இதனை எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். புவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு, மறைத்து வைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை ஒட்டிச் செய்த பெயர் இது. கனடா நாட்டுக் காடுகளில் விலங்குத்தோல் வாணிகம் செய்த பிரெஞ்சுக்காரர், தம் உணவையும் கருவிகளையும் வழியில் மறைத்து வைத்துச் செல்லும் வழக்கத்துக்கு அச்சொல்லை ஆண்டனர். தமிழில் 'புவிப்புதையல் வேட்டை' என்கிறார்கள். ஆனால் எதையும் மண்ணில் புதைக்கலாகாது என்பது இவ்விளையாட்டின் விதி. ஆதலால் அப்பெயர் முற்றும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

என் தங்கையின் மகன் ஜெர்மனி நாட்டில் இரண்டாண்டு பணிபுரிந்து திரும்பியவன். அங்கே ஞாயிறு பிற்பகல்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் காட்டுக்குள் சென்று, மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் எதையோ தேடுவதைக் கண்டு, தானும் அதிலே பழகிவிட்டான். அவன் எங்களுக்கு விளக்கிய முறை இது. ஒருவர் ஒரு சிறு பெட்டியில் குறிப்பேடு, பென்சில், சில எளிய பொருள்கள் ஆகியவற்றை இட்டு, நீர் புகாதபடி மூடி, யாவரும் செல்லத்தக்க ஓரிடத்தில் கண்ணில் படாதவாறு வைக்கிறார். அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இலக்கங்களை மட்டும் வெளியிடுகிறார். தேடுகிறவர் அந்த இலக்கங்களைக் கைப்பேசியில் பதித்துக்கொண்டு புறப்படுகிறார். பெட்டியைக் கண்டவர் குறிப்பேட்டில் தம் பெயரையும் நாளையும் எழுதுகிறார். உள்ளிருந்து ஒரு பொருளை எடுத்தால், அதற்கு ஈடானதையோ மேலானதையோ பதிலுக்கு வைக்க வேண்டும். பின்பு பெட்டி எங்கு எவ்வாறு இருந்ததோ அங்கு அவ்வாறே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். தின்பண்டம் வைக்கலாகாது, விலங்குகள் மோப்பம் பிடித்துப் பெட்டியைக் குதறிவிடும். நிலத்துக்கு உரியவரின் இசைவின்றி எங்கும் வைக்கலாகாது.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண்கள் உண்டு. கண்டுபிடிப்பதன் கடினத்துக்கு ஒன்று, தரையின் கடுமைக்கு ஒன்று. இரண்டும் 1 முதல் 5 வரை. நகரப் பூங்காவின் நடைபாதை 1 பெறும். செங்குத்தான மலைப்பாதை 4 பெறும். கயிறோ படகோ போன்ற தனிக்கருவியின்றி அணுக முடியாத இடம் 5. விண்வெளிக்குச் சென்ற ரிச்சர்ட் காரியட் என்பவர் 2008-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலேயே ஓர் இடத்தை இவ்விளையாட்டில் சேர்த்துவிட்டார். அதற்கு எந்த மதிப்பெண் கொடுத்தாலும் போதாது.

இவ்விளையாட்டு பிறந்த வரலாறு ஒரு துயரத்திலிருந்து தொடங்குகிறது. 1983 செப்டம்பர் 1 அன்று, வழி தவறிச் சோவியத் வான்வெளியில் புகுந்த கொரியப் பயணிகள் விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 269 பேரும் மாண்டனர். விமானம் தன் இடத்தைச் சரியாக அறிந்திருந்தால் அப்பேரிழப்பு நேர்ந்திராது. அமெரிக்கா தன் படைகளுக்காக அமைத்துவந்த துணைக்கோள் வழிகாட்டி முறை, நிறைவுற்றதும் குடிமக்களுக்கும் விலையின்றி அளிக்கப்படும் என்று அதிபர் ரீகன் அப்பொழுது அறிவித்தார். அளிக்கவும் செய்தார்கள், ஆனால் குடிமக்களுக்குரிய சைகையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அளித்தார்கள். நூறு மீட்டர் வரை தவறிக் காட்டும் கருவியால் கப்பல் கரை சேரலாம். மரப்பொந்தைத் தேட முடியாது. அந்தப் பிழையை நீக்குமாறு அதிபர் கிளிண்டன் ஆணையிட்டது 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில். மே 3 அன்றே, ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த டேவ் உல்மர் என்பவர், துல்லியம் உண்மைதானா என்று சோதிக்க விரும்பி, பீவர்கிரீக் என்னும் ஊரருகே காட்டோரத்தில் ஒரு கருப்பு வாளியை வைத்தார். அதில் சில நூல்கள், ஓர் உண்டிவில், ஒரு டப்பி அவரை முதலியன இருந்தன. சில நாள்களுக்குள்ளேயே மைக் டீக் என்பவர் அதனைக் கண்டெடுத்தார். (அந்த வாளி பாதி புதைக்கப்பட்டிருந்தது; புதைக்கலாகாது என்ற விதி பின்னால் வந்ததே.) இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் உள்ளன.

இதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் என்னும் சதுப்புநில மேட்டில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854-இல் கிரான்மியர் குளத்தருகே ஒரு புட்டியை வைத்து, அவ்வளவு தொலைவு நடந்து வருவோர் தம் பெயர்ச்சீட்டை அதில் இட்டுச் செல்ல வகை செய்தார். அக்காலத்தில் அவ்விடத்தைக் காட்ட இலக்கம் கிடையாது. வழி தெரிந்த மனிதர்தாம் இருந்தார்கள்.

இலக்கத்தால் இடமறிதல் ஜவ்வாது மலைக்கும் புதிதன்று என்பதை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், சந்தனக்காட்டின் நடுவே, 725 மீட்டர் உயரத்தில் வானாய்வுக்கூடம் ஒன்று உள்ளது. அதன் இடம் வடக்கே 12 பாகை 34 கலை, கிழக்கே 78 பாகை 49 கலை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் என்னும் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்ததை இங்கிருந்தும் நோக்கினார்கள். அக்கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் அறிந்தது அந்நிகழ்ச்சியினால். அத்தகைய நோக்கீட்டுக்குத் தொலைநோக்கி நிற்கும் இடத்தின் இலக்கம் துல்லியமாகத் தெரிந்திருத்தல் இன்றியமையாதது. 1986-இல் இங்கே திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி, இவ்விடத்தைத் தேர்ந்த வேணு பாப்பு அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி எங்கள் கதை. ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் சாலையை விட்டுச் சற்று விலகிய சிற்றூரில், எங்களுக்குப் பல்லாண்டுப் பழக்கமுள்ள மலையாளிப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். (கேரள நாட்டாரைக் குறிக்கும் சொல்லன்று இது, மலையை ஆளும் குடிகள் என்பது பொருள்.) அவருக்கு மேட்டில் சொந்தப் பட்டா நிலம் உண்டு, சாமை அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றிருந்தது. காட்டு நிலத்தில் பெட்டி வைப்பது குற்றமாகும் என்பதால், அவர் இசைவுடன் அவர் நிலத்தின் மேல்கோடியில் வைத்து விளையாடுவதென்று மருமகன் ஏற்பாடு செய்தான். முதல்நாள் மாலையே பெரியவருடன் சென்று வைத்துவிட்டு, இரவு அவர் வீட்டிலேயே தங்கிவிட்டான். மறுநாள் காலை நானும், என் மகளும், அண்டைவீட்டுப் பிள்ளைகள் இருவரும் சாலையோரத்திலிருந்து புறப்பட்டுத் தேடிவர வேண்டும். "பாதை நல்ல பாதைதான் மாமா, ஏத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம்" என்று சொல்லியிருந்தான். பெரியவர் தொலைபேசியில், "கெளை பிரியற எடத்துல அடையாளம் போட்டு வெக்கறேன் ஐயா, பாத்து வாங்க" என்றார். அதனை நான் காதில் வாங்கிக்கொண்டேன், மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

கைப்பேசியில் ஓர் அம்பு. அதன் கீழே தொலைவு: 640 மீட்டர். நம் ஊரில் கோயிலிலிருந்து கடைத்தெருவுக்குப் போகும் தூரம். பிள்ளைகள் ஓட்டமும் நடையுமாகச் சென்றார்கள். 500 என்றது, 430 என்றது, 300 என்றது. எண் குறையக் குறைய ஒரு மயக்கம் உண்டாகிறது, அன்பர்களே. இடப்பக்கம் பாதை வளைந்து அம்புக்கு எதிர்த்திசையில் போவதாகத் தோன்றிய இடத்தில், அதனை விட்டுவிட்டு அம்பின் வழியே செல்லுமாறு சொன்னவன் நானே. ஆடு போன தடம் போல ஒன்று தெரிந்தது. உண்ணிச்செடிப் புதரை விலக்கிக்கொண்டு நடந்தோம். 180 மீட்டர் என்று காட்டியபோது தரை முடிந்துவிட்டது.

எதிரே ஓர் ஓடைப்பள்ளம். அதன் அப்பால், கை நீட்டினால் தொடலாம் போல, சாமைத்தாள் நின்ற மேடு. இடையே மூன்று பனைமர ஆழம். எங்கள் காலடியில் இருந்ததோ சாய்ந்த பாறை. அதன் மேல் காய்ந்த சருகு, சருகின் கீழே ஊற்றுநீர் கசிந்து வளர்ந்த பாசி. பெரிய பையன் சறுக்கி ஒரு வேரைப் பற்றிக்கொண்டான். திரும்பிப் பார்த்தால், ஏறி வந்த சரிவு இறங்குவதற்கு வேறாகத் தோன்றியது. கைப்பேசியில் அம்பு இப்பொழுது முன்னும் பின்னுமாகச் சுழன்றது.

அது ஏன் சுழன்றது என்று பின்னர் மருமகன் விளக்கினான். துணைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள அணுக்கடிகாரத்தின் நேரத்தை ஓயாது சொல்லிக்கொண்டிருக்கிறது. அச்சைகை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது நம் கருவி. குறைந்தது நான்கு துணைக்கோள்களாவது கண்ணுக்கெட்ட வேண்டும். நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறினால் தரையில் 300 மீட்டர் தவறும். திறந்த வெளியில் சில மீட்டருக்குள் சரியாகவே சொல்லும். ஓடைப்பள்ளத்திலோ வானத்தின் பாதியை மலை மறைத்துவிடுகிறது, சில சைகைகள் பாறையில் மோதிச் சுற்றுவழியாக வருகின்றன, கருவி ஏமாறுகிறது. ஆயினும் எங்கள் இடரின் காரணம் அதுவன்று. 180 மீட்டர் என்று அது சொன்னது உண்மையே. பறவைக்கு 180 மீட்டர். இடையே பள்ளம் இருப்பதைச் சொல்வது அந்த அம்பின் வேலையன்று. நான்தான் அதனைப் பாதையென்று எடுத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் கூவினார்கள். மேட்டின் மேல் பெரியவரின் தலை தெரிந்தது. "அசையாதீங்க! அங்கியே நில்லுங்க ஐயா. சத்தம் மட்டும் குடுத்துக்கிட்டே இருங்க, நான் வரேன்" என்று குரல் கொடுத்தார். நின்றோம். சிறியவள் தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடினாள். அரைமணி கழித்துப் புதருக்குப் பின்னாலிருந்து அவர் வந்தார்; மருமகன் முகம் வெளுத்துப் பின்னால் வந்தான்.

வீடு திரும்பிய பின்பு, நெடுநாளாகப் புரட்டாத பத்துப்பாட்டை எடுத்தேன். அதில் மலைபடுகடாம் என்னும் பாட்டு இம்மலை நாட்டுக்கே உரியது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, அதாவது ஜவ்வாது மலையின் அடிவாரத்திலுள்ள இன்றைய செங்கம். அதில் வரும் சேயாறு, இம்மலையில் பிறந்து ஓடும் செய்யாறு. அவன் நவிரமலையைப் பருவதமலை என்று கொள்வர். பாறையில் அறைந்த கடப்பாறைகளையும் சங்கிலியையும் பற்றி இன்றும் மக்கள் ஏறும் மலை அது. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு நன்னனிடம் செல்லும் வழியைச் சொல்வதே பாட்டு. பள்ளியில் படித்தபோது இதனை மன்னன் புகழென்றே எங்களுக்குச் சொன்னார்கள். இப்பொழுது படித்தால் பெரும்பகுதி மலைவழி நடப்பவனுக்கு உரைத்த எச்சரிக்கையாக இருக்கிறது.

பன்றிக்காக வைத்த கற்பொறிகள் உண்டு, விடிந்த பின்னரே செல்லுங்கள் என்கிறான். தினைப்புனத்தார் யானையை விரட்ட எறியும் கவண்கல் மரக்கிளைகளில் பட்டுத் தெறித்து வரும், மரத்தின் பின்னே மறைந்து கடந்து செல்லுங்கள் என்கிறான். நுண்ணிய பாசி படர்ந்து காலை வழுக்கும் இடத்தில், ஓரத்தில் வளர்ந்த மெல்லிய மூங்கிலையும் கோரையையும் பற்றிக்கொண்டு செல்லுங்கள் என்கிறான். குறவரே வழிமயங்கும் குன்றுக்குள் அகப்பட்டால் நடப்பதை நிறுத்தி, அகன்ற பாறை ஒன்றில் ஒன்றுகூடி உங்கள் இசைக்கருவிகளை ஒலியுங்கள் என்கிறான். இவ்விடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். அசையாதே, ஒலி எழுப்பு: பெரியவர் எங்களுக்குச் சொன்னதும் அதுவே, இன்றைய மீட்புப் படையினர் சொல்வதும் அதுவே.

இன்னும் ஒன்று. வழி பல கவர்களாகப் பிரியும் இடங்களில், முன்னே செல்பவர்கள் கூடுமிடத்தைத் துடைத்துத் தெளிவாக்கி, புல்லை முடிந்து வைக்க வேண்டுமாம். பின்னால் வரும் புதியவர் வழிதவறாதிருக்க. பரிசில் ஒருவனுக்கே போதாதோ என்று அஞ்சும் வறியவர்களுக்குச் சொன்ன சொல் இது. தமக்குப் பின் போட்டியாளர் வருவார் என்று தெரிந்தும் அடையாளம் இடச் சொல்கிறான் அந்தக் கூத்தன்.

நாங்கள் திரும்பி வரும்போது, நான் பாதையை விட்டு விலகிய அதே இடத்தில் பெரியவர் நின்றார். பாதையின் நடுவே இலையோடு ஒடித்த ஒரு கிளை, காற்றில் போகாமல் ஒரு கல்லின் கீழ் செருகப்பட்டு, இடப்பக்கம் தலை நீட்டிக் கிடந்தது. காலையில் அவர் இட்டது. நால்வரும் அதனைத் தாண்டித்தான் சென்றிருக்கிறோம். நால்வரின் கண்ணும் கைப்பேசியில் இருந்தது.

இம்மலையில் ஒன்றை ஒளித்து வைப்பதும், காட்டுக்குள் நின்று தேடுவதும் எல்லோருக்கும் விளையாட்டன்று என்பதையும் நம் இளைஞர் அறிய வேண்டும். சந்தனம் விளைந்த மலை இது. அறியாதவன் கருவியும் கையுமாக நடமாடினால் காவலர் ஐயுறுவது இயல்பு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர நாட்டுச் சேசாசலக் காட்டில், செம்மரம் வெட்டியதாகக் கூறப்பட்டுத் தமிழகக் கூலியாள்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இம்மலைப் பகுதியினரும் அவர்களுள் இருந்தனர். வேலை தேடிக் காட்டுக்குள் போனவன் வீடு திரும்பாத நினைவு உள்ள ஊர்களில், பெட்டி தேடிக் குதூகலிக்கும் நம் பிள்ளைகள் சற்றுக் குரலடக்கி நடப்பது முறை.

சட்டமும் அவ்வாறே. காப்புக்காட்டுக்குள் இசைவின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டு வனச்சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணியில், மலையேறச் சென்ற இளையோர் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபர் முதல் தமிழக வனத்துறை 40 வழிகளைத் திறந்து, உள்ளூர் மக்களையே வழிகாட்டிகளாக அமர்த்தி, முன்பதிவு செய்து செல்ல ஏற்பாடு செய்துள்ளது. கட்டணம் மிகுதி என்று குறை கூறுவோர் உண்டு. மலைமகன் ஒருவனுக்கு ஒருநாள் கூலி அதில் அடங்கியிருக்கிறது என்பதை அவர்கள் எண்ண வேண்டும். அந்தப் பெரியவர் எங்களிடம் காசு வாங்க மறுத்தார், அது வேறு.

காய்ந்த மாசி, பங்குனியில் இவ்விளையாட்டு வேண்டாம். மழை பெய்த மறுநாளும் வேண்டாம். கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்தாலும் திரும்பி வரத் தெரிந்த ஒருவர் உடனிருக்கட்டும். அம்பைக் கடைசி ஐம்பது மீட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பாதையிலேயே செல்லுங்கள்.

பெட்டியைக் கண்டுபிடித்தோமா என்று கேட்பீர்கள். கண்டோம். கிளை காட்டிய இடப்பக்கப் பாதை மலையைச் சுற்றிக்கொண்டு சென்று, ஓடையைத் தலைமாட்டில் கடந்து, முக்கால் மணியில் எங்களை மேட்டில் சேர்த்தது. பலாமரத்தடியில் அடுக்கிய கற்களுக்குள் இருந்தது, பழைய சோற்றுச் சம்படம். பிள்ளைகள் மூவரும் பெயர் எழுதினார்கள். பெரியவர் ஏட்டை வாங்கித் தம் பெயரை மெல்ல எழுத்துக்கூட்டி எழுதினார். மடியிலிருந்து ஐந்து புளியங்கொட்டைகளை எடுத்து உள்ளே இட்டார்.

இறங்கும்போது கவரில் நின்று அந்தக் கிளையை எடுத்து அப்பால் எறிந்தார். "ஏன் தாத்தா, இருக்கட்டுமே?" என்றாள் சிறியவள். "நம்ம வேல முடிஞ்சிதில்ல கண்ணு. கெடந்தா வேற யாரையாவது வேண்டாத எடத்துக்கு இழுத்துட்டுப் போயிரும்" என்றார். சம்படத்தை அங்கேயே விட்டு வருவதா என்று மருமகன் சிறிது யோசித்தான். ஆண்டுக்கு ஒருமுறையேனும் வந்து பார்க்க அவனால் இயலாது. ஆகவே கையோடு கொண்டு வந்துவிட்டோம். புளியங்கொட்டைகளைப் பிள்ளைகள் பல்லாங்குழிக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒன்று குறைவதாக நேற்றும் சண்டை நடந்தது.